இரண்டு கொடிகள், பத்து லட்சம் யூரோ: ரொமானே-கோந்தி மிரட்டல் வழக்கு, 2010

பிரான்சின் பர்கண்டிப் பகுதியில் 2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடந்த ஒரு குற்றத்தைப் பற்றிய ஆய்வு இது. குற்றவாளியின் கைக்கு இலக்கானவர் மனிதர் அல்லர். உலகின் மிக விலையுயர்ந்த ஒயின்களுள் ஒன்றைத் தரும் தோட்டத்தின் திராட்சைக்கொடிகள். ஆனாலும் மொட்டைக் கடிதம், நஞ்சு, இரவில் கல்லறைத் தோட்டத்தில் காத்திருந்த காவலர்கள், கடைசியில் ஒரு மரணம் என்று கொலை வழக்குக்குரிய எல்லாக் கூறுகளும் இதில் இருந்தன. சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் இங்கே தரப்படவில்லை. இடத்தின் பெயரைச் சொல்லாமல் குற்றத்தை விளக்க முடியாது என்பதால் அது மட்டும் தரப்படுகிறது.

பின்னணி

டிஜோன் நகரிலிருந்து தெற்கே போன் நகரை நோக்கிச் செல்லும் சாலையின் மேற்கே, கிழக்கு முகமாகச் சரிந்திறங்கும் தாழ்ந்த குன்றுகளின் நடுச்சரிவில் பர்கண்டியின் தலைசிறந்த தோட்டங்கள் அமைந்திருக்கின்றன. வோன்-ரொமானே என்னும் சிற்றூருக்கு மேலே உள்ள ரொமானே-கோந்தி அவற்றுள் ஒன்று. அதன் பரப்பு ஏறத்தாழ 1.8 ஹெக்டேர், நம் கணக்கில் நாலரை ஏக்கர். பினோ நுவார் என்னும் கருந்திராட்சை மட்டுமே அங்கே வளர்கிறது. 1760இல் கோந்தி இளவரசர் வாங்கியதால் அவருடைய பட்டம் தோட்டத்தின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இன்று அத்தோட்டம் முழுவதும் ஒரே பண்ணைக்கு உரியது. பர்கண்டியில் ஒரு தோட்டத்தின் வரிசைகள் பல குடும்பங்களிடையே பங்கு பிரிந்து கிடப்பதே வழக்கம் என்பதால், முழுத் தோட்டமும் ஒரே கையில் இருப்பது அங்கே அரிது.

நல்ல ஆண்டொன்றில் இத்தோட்டம் தருவது ஐயாயிரம் முதல் ஆறாயிரம் புட்டிகள் வரைதான். ஒரு புட்டியின் விலை ஆயிரக்கணக்கான யூரோ. 1945ஆம் ஆண்டின் ஒயின் புட்டி ஒன்று 2018இல் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்கு விற்பனையானது. அந்த ஆண்டில் தயாரானவை 600 புட்டிகள் மட்டுமே. அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் உள்ள செய்திக்கும் இவ்வழக்குக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த ஃபைலாக்ஸெரா என்னும் வேர்ப்பேன் பிரான்சின் தோட்டங்களை அழித்தது. பெரும்பாலோர் பழைய கொடிகளைப் பிடுங்கிவிட்டு, பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்க்கட்டையில் ஒட்டுக்கட்டிய கன்றுகளை நட்டார்கள். ரொமானே-கோந்தியின் உரிமையாளர்கள் அதைச் செய்யவில்லை. கார்பன் டைசல்ஃபைடு என்னும் வேதிப்பொருளைக் கொடிகளைச் சுற்றி மண்ணுக்குள் ஊசிபோல் செலுத்தி, பழைய கொடிகளைப் பல பத்தாண்டுகள் காப்பாற்றிவந்தார்கள். இரண்டாம் உலகப்போரின்போது அந்த வேதிப்பொருளும் கிடைக்கவில்லை, வேலையாட்களும் கிடைக்கவில்லை. கொடிகள் நலிந்தன. 1945 அறுவடைக்குப் பின் அவை பிடுங்கப்பட்டு, அருகிலுள்ள லா தாஷ் தோட்டத்துக் கொடிகளிலிருந்து எடுத்த குச்சிகளைக் கொண்டு புதிய நடவு செய்யப்பட்டது. 1946 முதல் 1951 வரை ரொமானே-கோந்தி என்ற பெயரில் ஒயினே இல்லை. அடுத்த ஒயின் 1952இல்தான் வந்தது.

ஆகவே, தோட்டம் முழுவதும் செத்துப்போனால் என்ன ஆகும் என்பது அந்தப் பண்ணைக்குக் கற்பனை அல்ல. அது கணக்குப் புத்தகத்தில் ஏற்கெனவே பதிவான அனுபவம். மிரட்டியவர் அழுத்திய இடம் இதுதான்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை சொல்ல அதிகம் இல்லை. தோட்டத்தின் ஓரத்தில் தாழ்வான கல்சுவர், அதன்மேல் ஒரு கற்சிலுவை, பார்வையாளர்கள் சாலையிலேயே நிற்குமாறும் கொடிகளுக்கிடையே நுழையாதிருக்குமாறும் கேட்டுக்கொள்ளும் அறிவிப்புப் பலகை, இவ்வளவுதான். இரவில் யார் வேண்டுமானாலும் உள்ளே போகலாம். இது அலட்சியம் என்று வெளியூர்க்காரருக்குத் தோன்றும். அந்தச் சரிவில் உள்ள பெரும்பாலான தோட்டங்களுக்கு வேலி கிடையாது. ஒருவருடைய வரிசை முடியும் இடத்தில் அடுத்தவருடையது தொடங்குகிறது.

முதல் பொதி

2010 ஜனவரியில் பண்ணையின் இணை இயக்குநருக்கு ஒரு பொதி வந்தது. கட்டட வரைபடங்களைச் சுருட்டி வைக்கும் உருளை போன்ற அந்தப் பொதிக்குள் ரொமானே-கோந்தித் தோட்டத்தின் விரிவான வரைபடம் இருந்தது. தோட்டத்துக்கு ஆபத்து இருப்பதாகவும் மேற்கொண்டு தகவல் வரும் என்றும் உணர்த்தும் குறிப்பும் அதனுடன் இருந்தது.

புகழ்பெற்ற பண்ணைகளுக்கு விசித்திரமான கடிதங்கள் வருவது புதிதல்ல. இதையும் அப்படி ஒதுக்கியிருக்கலாம். ஒதுக்க முடியாமல் செய்தது வரைபடம்தான். கடைகளில் கிடைக்கும் ஒயின் வரைபடங்கள் தோட்டங்களின் எல்லைகளைக் காட்டும், வரிசைகளைக் காட்டமாட்டா. இந்தச் சரிவில் ஒரு ஹெக்டேருக்குப் பத்தாயிரத்துக்குக் குறையாத கொடிகள் நெருக்கமாக நடப்படுவது மரபு. அந்தக் கணக்கில் ரொமானே-கோந்தியில் ஏறத்தாழ இருபதாயிரம் கொடிகள் நிற்கும். அந்த அளவுக்கு நுணுக்கமாக ஒருவர் வரைந்திருக்கிறார் என்றால், அவர் தோட்டத்துக்குள் நேரம் செலவிட்டு நடந்திருக்கிறார், கொடி வரிசைகளைப் படிக்கத் தெரிந்தவர் என்று பொருள். விசாரணை தொடங்கும் முன்பே, தன்னைப் பற்றிய முதல் சாட்சியத்தை மிரட்டியவர் தம் கையாலேயே எழுதி அனுப்பிவிட்டார் என்று சொல்லலாம்.

இரண்டாவது பொதியும் கொடிகளில் கண்டதும்

அடுத்து வந்த பொதியில் கோரிக்கை வெளிப்படையாக இருந்தது. பத்து லட்சம் யூரோ தராவிட்டால் தோட்டம் நஞ்சூட்டப்படும் என்றும், சொன்னதைச் செய்ய முடியும் என்பதற்குச் சான்றாகச் சில கொடிகள் ஏற்கெனவே தாக்கப்பட்டுள்ளன என்றும் அது தெரிவித்தது. வரைபடத்தில் அந்த இடம் குறிக்கப்பட்டிருந்தது.

குறித்த இடத்தில் தேடியபோது இரண்டு கொடிகளின் அடித்தண்டில் துளையிட்டு நஞ்சு செலுத்தப்பட்டிருப்பது உறுதியானது.

இந்த முறையைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் குற்றத்தின் வலிமையும் பலவீனமும் இதற்குள்தான் இருக்கின்றன. குளிர்காலத்தில் திராட்சைக்கொடி உறக்க நிலையில் இருக்கும். இலை கிடையாது, சாறோட்டம் ஏறத்தாழ நின்றுபோயிருக்கும். தண்டில் செலுத்தப்படும் களைக்கொல்லி அப்போது அதிகம் பரவாது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் மண் சூடேறிச் சாறு மேலேறும்போதுதான் அது கொடி முழுவதற்கும் போய்ச்சேரும். ஆகவே ஜனவரியில் நஞ்சூட்டப்பட்ட கொடியும் நலமான கொடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே நிற்கும். மண்டியிட்டு அமர்ந்து, உரிந்து தொங்கும் மரப்பட்டையை விலக்கி, அடித்தண்டைச் சுற்றிலும் தடவிப் பார்த்தால்தான் விரலளவும் இல்லாத துளை தட்டுப்படும். இருபதாயிரம் கொடிகளில் எத்தனை கொடிகளுக்கு ஏற்கெனவே இது செய்யப்பட்டிருக்கிறது என்ற கேள்விக்கு உரிமையாளரால் உடனடியாக விடை சொல்ல முடியாது. மிரட்டியவருக்குச் சாதகமாக இருந்தது நஞ்சைவிட இந்த அறியாமைதான்.

அதே முறையின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கொடியையும் தனித்தனியாகத் துளைத்து, தனித்தனியாக நஞ்சு ஊற்ற வேண்டும். தனி ஆளாக, கை விளக்குடன், குளிர்கால இரவுகளில் நாலரை ஏக்கரை இப்படி முடிப்பது மிகப் பெரிய வேலை. அதே மாதங்களில்தான் கவாத்து நடக்கிறது. கவாத்து செய்பவர்கள் ஒவ்வொரு கொடியின் முன்னும் குனிந்து நின்று வெட்டுவார்கள். புதிய துளையோ சிதறிய மரத்தூளோ அவர்கள் கண்ணில் படாமல் இருப்பது கடினம். முழுத் தோட்டத்தையும் கொல்வேன் என்ற சொல்லுக்கும் இரண்டு கொடிகள் என்ற செயலுக்கும் இடையே இருந்த இடைவெளி தற்செயலானதல்ல. இந்தக் குற்றமுறையே அவ்வளவுக்குத்தான் இடம்கொடுத்தது.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

முதல் முடிவு, காவல்துறையிடம் செல்வது. இது இயல்பான முடிவாகத் தோன்றினாலும், பணத்தைக் கொடுத்துத் தொலைப்பதில் இருந்த கவர்ச்சியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. கேட்ட தொகை அந்தத் தோட்டத்தின் ஓராண்டு ஒயினின் மதிப்பைவிட மிகவும் குறைவு. தொகையை வேண்டுமென்றே கொடுக்கக்கூடிய அளவில் வைப்பது மிரட்டிப் பணம் பறிப்பவர்களின் பழைய உத்தி.

ஆனால் ஆட்கடத்தலுக்கும் இதற்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. கடத்தலில் பணம் கைமாறினால் ஆள் திரும்பி வருவார். குற்றவாளியிடம் இருந்த பிடி அத்துடன் போய்விடும். இங்கே பணம் கொடுத்தவர் திரும்பப் பெறுவது எதுவும் இல்லை. தோட்டம் இருந்த இடத்திலேயே திறந்து கிடக்கும், துளைபோடும் கருவி கடையில் கிடைக்கும், அடுத்த குளிர்காலமும் வரும். பணம் கொடுப்பது ஆபத்தை நீக்குவதில்லை. ஆண்டுதோறும் வசூலிக்கக்கூடிய ஒரு வரியை ஏற்றுக்கொள்வதாகவே அது முடியும். என் பார்வையில் இவ்வழக்கின் மிகத் தெளிவான முடிவு இதுவே.

இரண்டாவது முடிவு, மௌனம். செய்தி பரவலாக வெளியே வந்தது கைதுக்குப் பிறகுதான். செய்தி முன்னதாகக் கசிந்திருந்தால் குற்றவாளி பின்வாங்கி மறைந்திருக்கலாம். அதைப் பார்த்து வேறு சிலர் இதே வழியில் இறங்கியிருக்கலாம். வணிகத்தில் ஏற்படக்கூடிய சேதத்தையும் எண்ணிப்பார்க்க வேண்டும். களைக்கொல்லி கொடிக்குத்தான் போனது, ஒயினுக்குப் போகவில்லை. அறுவடை முடிந்த பின் குளிர்காலத்தில் நடந்த செயல், நிலவறையில் பீப்பாய்களில் உறங்கிய ஒயினைத் தொடவே முடியாது. என்றாலும் ‘நஞ்சு’ என்ற சொல்லும் ஒரு ஒயினின் பெயரும் ஒரே தலைப்பில் வந்துவிட்டால், வாங்குபவரிடம் இந்த விளக்கமெல்லாம் எடுபடுவது சிரமம்.

மௌனத்துக்கு ஒரு விலையும் உண்டு. அதே காலத்தில் அருகிலுள்ள மற்றொரு பெயர்பெற்ற பண்ணைக்கும் இதே போன்ற மிரட்டல் போயிருந்தது. பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் எச்சரிக்கையாக இருக்கும்படி பொதுவாகச் சொல்ல முடியாத நிலையில், மிரட்டல் எத்தனை பேருக்குப் போயிருக்கிறது என்பதைக் காவல்துறை மட்டுமே ஒன்றுசேர்த்துப் பார்க்க முடியும். புகார் கொடுக்காமல் தனியாகப் பணம் கொடுத்திருந்தால் அந்த இணைப்பும் கிடைத்திருக்காது.

மூன்றாவது முடிவு, பணம் கொடுப்பதுபோல் நடிப்பது. மிரட்டிப் பணம் பறிக்கும் குற்றத்தில் கடிதம் எழுதுவதும் சேதம் விளைவிப்பதும் இருட்டில் நடக்கலாம். பணத்தை எடுக்கும்போது மட்டும் குற்றவாளி உடலோடு ஓரிடத்துக்கு வந்தே ஆக வேண்டும். தோட்டத்தில் வேலி போட்டுக் காவல் காப்பதைவிட அந்த ஓரிடத்தில் காத்திருப்பது எளிது.

கல்லறைத் தோட்டம்

பணத்தை வைக்க அவர் குறித்த இடம், சில கிலோமீட்டர் வடக்கே உள்ள ஷம்போல்-முசினி என்னும் ஊரின் கல்லறைத் தோட்டம். பிப்ரவரியில், பண்ணையைச் சேர்ந்த ஒருவர் காவல்துறையின் ஏற்பாட்டின்படி பையைக் கொண்டுபோய் வைத்தார். உள்ளே இருந்தவை போலி நோட்டுகள். காவலர்கள் மறைந்திருந்து கண்காணித்தார்கள். பையை எடுக்க வந்தவர் பிடிபட்டார்.

தோட்டத்தைப் பற்றி இவ்வளவு துல்லியமாகத் தெரிந்துவைத்திருந்தவர், பணத்தைப் பெறும் வழியை இவ்வளவு சாதாரணமாகத் திட்டமிட்டிருந்தது வியப்பளிக்கிறது. சில நூறு பேர் வாழும் சிற்றூரில், ஒதுக்குப்புறமான இடத்தில், தாமே நேரில் வந்து பையைத் தூக்கிச் செல்வதற்கு மேல் அவரிடம் திட்டம் இருந்ததாகத் தெரியவில்லை. வரைபடத்தில் காட்டிய பொறுமையில் பத்தில் ஒரு பங்கைக்கூட அவர் இங்கே காட்டவில்லை.

பிடிபட்டவர் ஐம்பது வயதைத் தாண்டியவர். முன்பே குற்றங்களுக்காகச் சிறை சென்றவர். இளமையில் இதே பகுதியில் திராட்சை வளர்ப்புப் படித்தவர் என்று அப்போதைய செய்திகள் கூறின. வரைபடம் முதல் நாளே சொன்னதை இது உறுதிப்படுத்துகிறது. காட்டுக்குள் ஒரு குடிலில் தங்கித் தம் வேலைக்கான ஏற்பாடுகளைச் செய்திருக்கிறார். அவருடைய மகனும் கைது செய்யப்பட்டார்.

பின்விளைவுகள்

நஞ்சூட்டப்பட்ட இரண்டு கொடிகள் போனதைத் தவிரத் தோட்டத்துக்குச் சேதம் இல்லை. பழைய தோட்டங்களில் நோயாலும் முதுமையாலும் ஆண்டுதோறும் சில கொடிகள் சாவதும், அந்தக் குழிகளில் தனித்தனியாகப் புதுக்கன்று நடுவதும் வழக்கமான வேலை. எண்ணிக்கையாகப் பார்த்தால் இரண்டு கொடிகளின் இழப்பு அந்த வழக்கமான கணக்கிலேயே அடங்கிவிடும். ஆனால் புதுக்கன்று காய்க்கவே மூன்றாண்டுகள் ஆகும். முதிர்ந்த கொடியின் தரத்தை எட்டுவதற்குப் பல பத்தாண்டுகள் வேண்டும்.

சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்பதும் கவனிக்கத்தக்கது. பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தில் பிறர் சொத்தைச் சேதப்படுத்துவதற்குச் சாதாரண நிலையில் அதிகபட்சம் இரண்டாண்டு சிறையும் 30,000 யூரோ அபராதமும். மிரட்டிப் பணம் பறிப்பதற்கு ஏழாண்டு சிறையும் 1,00,000 யூரோ அபராதமும். முயற்சி தோற்றாலும் தண்டனை வரம்பு அதேதான். கொடியைக் கொன்றதைவிட அதைக் காட்டிப் பணம் கேட்டதே பெரிய குற்றம். ஒயின் விரும்பிகள் சிலர் இந்த ஒப்பீட்டை ஏற்கமாட்டார்கள். ஆனால் கொடியின் புகழைப் பொறுத்து தண்டனை கூடும் என்று ஒரு சட்டம் எழுதினால், சாதாரண விவசாயியின் தோட்டத்துக்கு அது என்ன மதிப்பு வைக்கும் என்ற கேள்வி உடனே எழும்.

முதன்மைக் குற்றவாளி முழு விசாரணையைச் சந்திக்கவில்லை. 2010 ஜூலையில் சிறையில் அவர் தூக்கிட்டு இறந்துபோனார். குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டால் அவர்மீதான வழக்கும் முடிந்துவிடும் என்பது பிரெஞ்சு நடைமுறைச் சட்டத்தின் விதி. இந்தத் தோட்டத்தை ஏன் தேர்ந்தெடுத்தார், திட்டம் எத்தனை காலமாக மனத்தில் இருந்தது, பணம் கிடைத்திருந்தால் நிறுத்தியிருப்பாரா என்பவற்றுக்குத் திறந்த நீதிமன்றத்தில் அவர் வாயிலிருந்து விடை வரவில்லை. வெறும் பேராசையா, தன்னை ஏற்றுக்கொள்ளாத ஒரு தொழில்மீதான வன்மமா என்று பின்னர் எழுதியவர்கள் பலவாறு ஊகித்தார்கள். அவருடைய செயல்களிலிருந்து பணத்தேவையை மட்டுமே உறுதியாகச் சொல்ல முடியும், மற்றவை ஊகங்களே.

ஐந்தாண்டுகள் கழித்து, 2015 ஜூலையில், பர்கண்டியின் 1,247 தோட்டப் பிரிவுகள் அடங்கிய நிலப்பரப்பை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அந்த முயற்சிக்குத் தலைமை தாங்கியவரும் மிரட்டல் பொதியைப் பெற்றவரும் ஒருவரே. அங்கீகாரம் அந்த நிலப்பரப்புக்கே கிடைத்தது என்பதால், பாதுகாப்புக்காகத் தோட்டங்களைக் கம்பிவேலிக்குள் அடைப்பது இனி எவருக்கும் எளிதான தேர்வு அல்ல.

மாற்றிச் செய்யக்கூடியவை

முதலில், பரிசோதனையின் வேகம். இப்படியொரு மிரட்டல் வந்தவுடன் முடிவெடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டியது, எத்தனை கொடிகள் தொடப்பட்டுள்ளன என்று எண்ணுவது. கவாத்துக்காரர்களைக் கொண்டு வரிசை வரிசையாக அடித்தண்டைப் பார்க்கச் செய்தால், இந்த அளவுள்ள தோட்டத்தைச் சில நாட்களில் முடித்துவிடலாம். செய்தி பரவாமல் இருக்க, மரநோய்க் கணக்கெடுப்பு என்று காரணம் சொன்னால் போதும்; அது ஆண்டுதோறும் நடக்கும் வேலைதான். கணக்குக் கையில் இருந்தால், பேரம் புட்டியின் விலையைச் சுற்றி ஓடாமல் மண்ணில் உள்ள உண்மையைச் சுற்றி ஓடும். உறக்கக்காலத்தில் நஞ்சு பரவுவது மெதுவாக நடப்பதால், சாறேறுவதற்கு முன் தாக்கப்பட்ட கொடிகளை அகற்ற அவகாசமும் உண்டு.

அடுத்து, சான்றுகளைக் காப்பது. விவசாயியின் முதல் உந்துதல் செத்த கொடியைப் பிடுங்கி எரிப்பதாக இருக்கும். துளையின் விட்டம், ஆழம், உள்ளே எஞ்சிய வேதிப்பொருள், சுற்றியுள்ள மண்ணில் பதிந்த காலடி ஆகியவை எல்லாம் கருவியோடும் ஆளோடும் பொருத்திப் பார்க்கப்படக்கூடியவை. காவல்துறை வரும்வரை அந்த வரிசையில் ஒருவரும் நுழையாமல் பார்த்துக்கொள்வது, கொலை நடந்த அறையைப் பூட்டி வைப்பதற்குச் சற்றும் குறையாத தேவை.

மௌனத்தைப் பொறுத்தவரை, கைது வரை அதைக் காத்தது சரியே. ஆனால் வட்டார அளவில் திராட்சை வளர்ப்போர் சங்கத்துக்கும் காவல்துறைக்கும் இடையே, பெயர் வெளியிடாமல் இத்தகைய மிரட்டல்களைப் பகிர்ந்துகொள்ளும் நிலையான ஏற்பாடு இருந்தால், இரண்டாவது பண்ணைக்கு வந்த மிரட்டல் முதலாவதுடன் இன்னும் விரைவாக இணைக்கப்படும். பெரிய பண்ணைகளுக்குச் சட்ட ஆலோசகர்கள் உண்டு. மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிக்கு இதே உருளை வந்தால் அவர் முதலில் யாருக்குத் தொலைபேசியில் பேச வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.